லாயமும் லயமும்

'செஜாரா மெலாயு'வில் ஒரு குதிரைக் கதை வருகிறது. சுல்தான் மன்சூர் ஷாவுக்குப் பிரியமான குதிரை மலக்குழியில் விழுந்துவிடுகிறது. சுற்றி நிற்கிற கூட்டம் பெரிசு. ஆனா குழிக்குள் இறங்கிக் கயிறு கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஹங் துவா இறங்குகிறார். குதிரைக்குக் கயிறு கட்டி மேலே ஏற்ற வைக்கிறார். சுல்தானுக்கு மகிழ்ச்சி. ஹங் துவாவின் விசுவாசத்துக்குச் சாட்சியாகத்தான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது.

எனக்கு இதில் வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. குதிரை சுல்தானுடையது. அதன் காலையும் வயிற்றையும் தொட்டவர் இன்னொருவர். குதிரைகளின் வரலாறு முழுக்க இந்த இரண்டு பேரும் வருகிறார்கள். ஒருவர் பெயரில் குதிரை இருக்கும், இன்னொருவர் கையில் குதிரை இருக்கும். அடிக்கடி காயப்படுகிற ஒரு குதிரையை இன்னும் ஓட்டலாமா, ஓய்வு கொடுத்துவிடலாமா என்ற கேள்வி எழும்போது முடிவைச் சொல்கிறவர் முதலாமவர். அந்தக் காலைப் பற்றி அதிகம் தெரிந்தவர் இரண்டாமவர். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. மலாக்காவின் தோட்டத்து லயங்களில் வளர்ந்த குடும்பங்களுக்கு அது ரொம்பப் பக்கத்துக் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம் வரலாம். மலாக்காத் தமிழனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கு நமக்குத் தெரிந்த குதிரைகள் இரண்டுதான். ஒன்று, டவுனில் இருக்கிற நம்பர் கடை. டர்ஃப் கிளப்புகள் நடத்திய லாட்டரியின் ஞாபகமாக அந்தக் கடையைப் பெரியவர்கள் இன்னமும் 'கூடா' என்றுதான் சொல்கிறார்கள். கூடா என்றால் மலாயில் குதிரை. இன்னொன்று, தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் ஏறி நிற்கிற வெள்ளைக் குதிரை. சிமெண்டில் செய்து வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கிற அந்தக் குதிரைக்கு வயசாவதில்லை, கால் வீங்குவதில்லை.

மூன்றாவதாக ஒரு குதிரை இருந்தது. 1896 வாக்கில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டபோது சாலையில் ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். ஆரம்பகாலத் தொரைமார்களுக்குக் குதிரையோ மட்டக்குதிரை பூட்டிய வண்டியோ இருந்தது. அதைக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, லாடம் பார்த்து, சேணம் கட்டிக் கொடுக்கிற ஆளுக்கு 'சைஸ்' என்று பெயர். இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் போன சொல். பிறகு கார் வந்தது. குதிரை போய்விட்டது, ஆனால் சொல் போகவில்லை. மலாயாவில் கார் ஓட்டுகிற டிரைவரையும் பல வருஷம் 'சைஸ்' என்றே கூப்பிட்டார்கள். வேலையே மாறிய பிறகும் ஒரு மனிதனை அவன் பார்த்துக்கொண்ட மிருகத்தின் பெயரால் அழைத்திருக்கிறோம்.

பந்தய லாயங்களில் சைஸ் வேலை இன்றும் காலையில் குதிரையின் காலைத் தடவுவதில் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற தசைநார் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துப் பார்ப்பார்கள். இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் சூட்டில் வித்தியாசம் தெரிந்தால் பிரச்சினை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நொண்டல் தெரிவதற்கு முன்னாலேயே சூடு தெரிந்துவிடும். ஸ்கேன் இயந்திரம் பிறகுதான் வரும்.

*

நான் படித்தது இயந்திரப் பொறியியல். அதனால் எனக்குக் குதிரை முதலில் ஓர் அலகாகத்தான் அறிமுகம். ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட் தன்னுடைய நீராவி எஞ்சினை விற்பதற்காக உருவாக்கிய கணக்கு அது. ஒரு நிமிஷத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை. எஞ்சின் வாங்குகிறவனுக்கு அது எத்தனை குதிரைக்கு ஈடு என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். குதிரை எத்தனை வருஷம் அப்படி இழுக்கும், இழுக்க முடியாமல் போனால் எங்கே போகும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

ஆனால் பொறியியலில் இன்னொரு பாடமும் உண்டு. களைப்பு முறிவு என்று சொல்வோம். ஓர் இரும்புத் தண்டு ஒரே அடியில் உடைவது அபூர்வம். தாங்கக்கூடிய பாரத்தையே லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கும். அது மெல்ல நீளும். ஒருநாள் சாதாரண பாரத்திலேயே தண்டு இரண்டாகும். பார்க்கிறவனுக்கு அது திடீர் விபத்து.

பந்தயக் குதிரையின் காலும் பெரும்பாலும் அப்படித்தான் உடைகிறது. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை முழு வேகத்தில் பாயும்போது ஒரு கணம் மொத்தப் பாரமும் ஒரே முன்னங்காலில் இறங்கும். அப்போது அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. ஓட்டத்தின் நடுவில் முறிகிற எலும்புகளைச் சோதித்தபோது, பலவற்றில் முன்பே நுண்விரிசல்கள் இருந்தது தெரிந்திருக்கிறது. எலும்பு இரும்பு மாதிரி இல்லை, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கு. பழுதான பகுதியை முதலில் அரித்து எடுக்கும், பிறகுதான் புதுசாகக் கட்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வாரங்களில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஓட விட்டால் ஆபத்து.

தசைநார் கதை இன்னும் மோசம். வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும், நொண்டல் நின்றுவிடும். குதிரை துள்ளும், நன்றாகத் தின்னும். ஆனால் உள்ளே நார் ஆற ஒன்பது மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். ஆறினாலும் பழைய நார் திரும்பி வராது, அந்த இடத்தில் தழும்புத் திசுதான் வரும். அதற்குப் பழைய இழுவைத்தன்மை இருக்காது. அதனால்தான் ஒருமுறை தசைநார் போன குதிரைக்கு மறுபடியும் போகிற வாய்ப்பு அதிகம். 'காயராசி உள்ள குதிரை' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ராசியால் வருவதில்லை. பழைய காயம் முழுசாக ஆறுவதற்குள் ஓட விட்டதால் வருகிறது.

ஆக, முடிவெடுக்கிறவரின் சிக்கல் இதுதான். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குதிரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். தீனிச் செலவு, டாக்டர் செலவு, பயிற்சியாளர் கட்டணம் மாசாமாசம் ஓடிக்கொண்டிருக்கும். "இன்னும் ஒரே ஒரு ரேஸ்" என்று சொல்ல எல்லாக் காரணமும் கையில் இருக்கும்.

*

குதிரைப் பந்தயத்தில் ஆர்வமுள்ளவர்களிடம் இதைச் சொன்னால் உடனே சீபிஸ்கட்டை இழுப்பார்கள். நியாயம்தான். அமெரிக்காவின் பொருளாதார மந்த காலத்தில் மக்களின் செல்லமாக இருந்த குதிரை அது. 1939 பிப்ரவரியில் இடது முன்னங்காலின் மூட்டைத் தாங்கிப் பிடிக்கிற நார் அறுந்தது. அதன் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 1940 மார்ச் 2ஆம் தேதி, அதே குதிரை சான்டா அனிட்டா ஹேண்டிகேப் பந்தயத்தை ஜெயித்தது. அதற்கு முன் இரண்டு முறை மயிரிழையில் தோற்ற பந்தயம். ஓட்டியவர் ரெட் பொல்லார்ட். அவருடைய காலும் 1938இல் நொறுங்கி, ஓரளவுதான் கூடியிருந்தது.

இந்தக் கதையிலிருந்து "விடாமல் முயன்றால் வெல்லலாம்" என்கிற பாடத்தைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். நான் கவனித்தது வேறு. சீபிஸ்கட்டின் முதலாளி சார்ல்ஸ் ஹோவர்டுக்குக் கலிபோர்னியாவில் ரிட்ஜ்வுட் என்ற பெரிய பண்ணை இருந்தது. காயத்துக்குப் பிறகு குதிரை அங்கேதான் நின்றது. தேதி குறித்து யாரும் அவசரப்படுத்தவில்லை. திரும்ப ஓட முடியாமல் போயிருந்தாலும் அது அங்கேயே நின்றிருக்கும். 1940இல் ஓய்வு பெற்றதும் அங்கேதான் போனது, 1947இல் இறந்ததும் அங்கேதான். இடம் இருந்ததால்தான் காத்திருக்க முடிந்தது.

அதே பண்ணையில் அதே காலத்தில் கால் ஆறக் காத்திருந்தவர்தான் பொல்லார்ட். குதிரை அந்த வெற்றியோடு நின்றுவிட்டது. பொல்லார்ட் 1955 வரை குதிரை ஓட்டினார். அதற்குப் பிறகு பந்தயத் திடலில் கடிதம் பிரித்தார், மற்ற ஜாக்கிகளின் பூட்ஸைத் துடைத்தார். உடைந்த கால் இருவருக்கும் இருந்தது. பண்ணை ஒருவருக்குத்தான் கிடைத்தது.

இடமும் பணமும் இருந்தும் தோற்ற கதையும் உண்டு. 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை ஜெயித்த பார்பரோ, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பென்சில்வேனியாவின் நியூ போல்ட்டன் மையத்தில் எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்துக் கூட்டினார்கள். உடைந்த கால் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் குதிரையால் மாசக்கணக்கில் படுத்துக்கிடக்க முடியாது. நின்றே ஆக வேண்டும். பாரம் மற்றக் கால்களுக்குப் போனது. குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கிற மெல்லிய திசு அழற்சியால் பிரியத் தொடங்கியது. 2007 ஜனவரி 29ஆம் தேதி அதைக் கருணைக்கொலை செய்தார்கள். "கால் உடைந்தால் ஏன் குதிரையைச் சுடுகிறார்கள்?" என்று சினிமா பார்த்துவிட்டு நாம் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கு. ஒரு கால் போனால் மற்ற மூன்றும் போகும்.

*

குதிரையைச் செலவாகிற சரக்காக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்முடைய சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிய பகுதி அது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபிக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை வரை வருஷாவருஷம் வாங்கினார்கள். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. காரணம், குளம்பு பார்த்து வைத்தியம் செய்யத் தெரிந்த ஆள் இல்லை. வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வரவில்லை, வர நினைத்தவர்களையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்தால் அடுத்த வருஷம் விற்பனை குறையும்.

எண்களில் போலோ கொஞ்சம் தாராளமானவர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பாதியாக்கினாலும் விஷயம் மாறாது. வாங்குகிறவரிடம் பொன் இருந்தது, விற்கிறவரிடம் கப்பல் இருந்தது. குதிரைகள் செத்தது மருந்து கண்டுபிடிக்காத காலத்தால் மட்டும் இல்லை. அவை பிழைப்பதில் யாருக்கும் லாபம் இல்லாததாலும்தான்.

நம் காலத்துக்கு வருவோம். 2023 ஜூனில் சிங்கப்பூர் அரசு, கிராஞ்சி பந்தயத் திடலின் நிலத்தை 2027க்குள் திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. 1842இல் தொடங்கிய கிளப் அது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. அறிவிப்பு வந்த நேரத்தில் அங்கே ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. பினாங்கு டர்ஃப் கிளப் உறுப்பினர்களும் 2024இல் கிளப்பைக் கலைக்க வாக்களித்தார்கள். சைஸ்களின் வேலையும் குதிரைகளின் வேலையும் ஒரே அறிவிப்பில் போயின.

இங்கே காயம்பட்ட குதிரை மட்டும் ஓய்வு பெறவில்லை, நிலமே ஓய்வு கொடுத்துவிட்டது. ஒரு பந்தயக் குதிரை ஏழெட்டு வயசில் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வயசு வரை வாழும். அதாவது வாழ்க்கையின் பெரும்பகுதி ஓட்டத்துக்குப் பிறகுதான் இருக்கு. நல்ல கால் உள்ளவை வேறு ஊர்ப் பந்தயத்துக்கோ சவாரிப் பள்ளிக்கோ போகலாம். பழைய காயம் உள்ளதை யார் வாங்குவார்கள்? பிரிட்டனில் இதற்காகவே 2000இல் பந்தயத் துறை ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு வேறு வேலை பழக்கி, வேறு வீடு தேடிக் கொடுக்கிற அமைப்பு. அங்கேயும் பந்தயம் தொடங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்த யோசனை வந்திருக்கு.

*

இனி லயத்துக்கு வருகிறேன். குதிரை நிற்கிற இடம் லாயம், தோட்டத் தொழிலாளி இருக்கிற வரிசை வீடு லயம். ஆங்கில 'லைன்' நம் வாயில் லயமானது. எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். இரண்டு இடத்திலும் ஒரே விதி. வேலை இருக்கும்வரை இடம்.

மனிதரைக் குதிரையோடு ஒப்பிடுவதாகச் சிலர் கோபப்படலாம். ஒப்பிட்டது நான் இல்லை, அன்றைய கணக்குப் புத்தகம். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தது. வேலை செய்ய முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே நிதி பணம் கொடுத்தது. 1930களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். கிராஞ்சியில் நடந்தது போலவே, காயம் பட்டவர்களோடு சேர்ந்து காயம் படாதவர்களும் போனார்கள்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சட்டங்கள் வந்தன. 1951இல் இபிஎப், பிறகு வேலையிட விபத்துக்குச் சொக்சோ. கால் எவ்வளவு போச்சு என்று மருத்துவ வாரியம் சதவீதம் போட்டுச் சொல்லும். இவையெல்லாம் உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இவை கொடுத்தது பணம். வீடு தோட்டத்தினுடையதாகவே இருந்தது. ஐம்பத்தைந்து வயசில் பெயர் வெட்டினால், அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் பெரட்டில் நிற்காவிட்டால், லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2013இல் ஓய்வு வயது அறுபதானபோது அந்த நாள் ஐந்து வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இதனால் என்ன நடக்கும் என்று ஜாசின் பக்கம், அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இது. பாட்டிக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. காலையில் தைலம் தேய்த்துக் கட்டிக்கொண்டு, பெரட்டுக் களத்துக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு நேராக நிற்பார். மண்டோர் கண்ணில் படக் கூடாது. கிளினிக்கில் 'லேசான வேலை' என்று சீட்டு கொடுத்தால்கூட அதைக் காட்ட மாட்டார். லேசான வேலை அடுத்து எங்கே கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கின தலைமுறை அது. பிறகு செம்பனை வந்தது, குலைகள் வந்தன, பாரம் குறையவில்லை.

குதிரைக்குத் தன் வலியை மறைக்கத் தெரியும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வேட்டையாடப்படும் மிருகம் நொண்டிக் காட்டினால் மாட்டிக்கொள்ளும். லயத்து மனுஷியும் அதே காரணத்துக்காகத்தான் மறைத்தார். சைஸின் கையில் தெரிகிற சூட்டை முதலாளியிடம் சொல்ல வேண்டிய இடத்தில், இங்கே காலும் கையும் ஒரே ஆளுடையது. சொன்னால் வீடு போகும். அதனால் கால் போகிற வரைக்கும் சொல்லவில்லை.

மதுரை வீரனை ஏன் தோட்டந்தோட்டமாக வைத்துக் கும்பிட்டார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு ஒன்று தோன்றுகிறது. கதைப்படி அரசனுக்கு உழைத்துக் கொடுத்தவன் அவன். அதே அரசனின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவனும் அவன்தான். வெட்டுப்பட்டவனைத்தான் நம் ஆட்கள் குதிரை மேல் ஏற்றினார்கள். முழுசான கால்கள் உள்ள குதிரை, பக்கத்தில் முழுசான கால்களோடு வீரன், அவனுக்கென்று யாரும் காலி செய்யச் சொல்லாத ஓர் இடம். ஆனால் தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வரும்போது அந்தக் கோயிலையும் நகர்த்தச் சொல்கிறார்கள் என்பது தனிக்கதை.

ஆக, காயப்படுகிற குதிரைக்கு ஓய்வு கொடுக்கலாமா? மருத்துவமாகச் சொன்னால் விடை கடினமில்லை. இரண்டாவது முறை தசைநார் போனால் நிறுத்த வேண்டும். நொண்டல் நின்றதை ஆறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குதிரையை மட்டும் பார்க்காமல் அதன் காலைத் தினமும் தடவுகிறவரைக் கேட்க வேண்டும். இதெல்லாம் பந்தயக்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் ஓட விடுவதற்குக் காரணம், நிறுத்தினால் அதை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே யாரும் முடிவு செய்யவில்லை. ஃபேக்டரியில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினால் மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டுவிடுவோம். உயிருள்ளதற்குத் தினமும் தீனி வேண்டும், நிழல் வேண்டும், இன்னும் பதினைந்து இருபது வருஷம் வேண்டும்.

அதனால் கேள்வியைக் குதிரை வாங்குகிற நாளிலேயே கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் ஓட்டத்துக்கு முன்னாலேயே கடைசிப் புல்வெளிக்கு ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தால், காயம் பட்ட அன்று நேர்மையாகப் பேச முடியும். கால்நடை மருத்துவர் உண்மையைச் சொல்லலாம், சைஸ் பயப்படாமல் சொல்லலாம். தோட்டங்களில் ஆள் எடுத்த முதல் நாளிலேயே வீட்டுக்கும் அப்படி ஒரு பங்கை எடுத்து வைத்திருக்கலாம். வீட்டுடைமைத் திட்டம் என்று தொழிற்சங்கங்கள் பல வருஷம் கேட்டது அதைத்தான். கிடைத்த இடங்களில் ஓய்வுபெற்றவர்கள் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் வலிக்கிறது என்று சத்தமாகவே சொல்கிறார்கள்.